லேப்ராஸ்கோபி அறுவைக்குப் பின் வரும் தோள்வலி: வயிற்றுக்குள் மரப்பு மருந்து விட்டால் குறையுமா?

கேள்வி கேட்டவர், திருச்சி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41, எடை 55 கிலோ. கருப்பையில் உள்ள ஃபைப்ராய்டு கட்டிகளால் இரண்டு ஆண்டுகளாக மாதவிடாயின்போது இரத்தப்போக்கு மிகுதியாக இருந்து வருவதால், வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபி முறையில் கருப்பையை அகற்றிவிடலாம் என்று முடிவாகி, அடுத்த மாதத்தில் ஒரு நாளும் குறித்திருக்கிறார்கள். அறுவை சிகிச்சையை நினைத்து எனக்குப் பெரிய அச்சம் இல்லை. என்னை உறுத்துவது வேறொன்று.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் அக்காவுக்கு இதே முறையில் சினைப்பைக் கட்டியை அகற்றினார்கள். வயிற்றில் போட்ட துளைகள் அவருக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. ஆனால், மறுநாள் காலை காபி குடிப்பதற்காக எழுந்து உட்கார்ந்த சிறிது நேரத்தில், வலது தோளின் உச்சியில் குத்துவதுபோல் வலி தொடங்கி, மூச்சை ஆழமாக இழுக்கும்போதெல்லாம் அது கூடியது. மாரடைப்பாக இருக்குமோ என்று நாங்கள் பதறியதில் ஈசிஜி வரை எடுக்க வேண்டியதாயிற்று. அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான், 'இது காற்று வலி, இரண்டு மூன்று நாளில் போய்விடும்' என்று பணியில் இருந்த ஒருவர் சொன்னார். முந்தைய நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இரவு எங்களுக்கு அப்படிக் கழிந்திருக்காது.

வயிற்றில் செய்த அறுவைக்குத் தோள் ஏன் வலிக்கிறது என்பதையும், அறுவை முடியும் தறுவாயில் வயிற்றுக்குள் மரத்துப்போகும் மருந்தை விட்டால் இந்த வலி வராது என்று நான் படித்தது எந்த அளவுக்கு உண்மை என்பதையும் விவரமறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். என் மருத்துவரிடம் இதை முன்கூட்டியே கேட்கலாமா, கேட்டால் தவறாக எடுத்துக்கொள்வார்களா என்ற தயக்கமும் இருக்கிறது.

மயக்க மருத்துவர், கோவை

வணக்கம் அம்மா. தாராளமாகக் கேளுங்கள். மயக்க மருத்துவரை அறுவைக்கு முன் சந்திக்கும் நேரம் இத்தகைய கேள்விகளுக்காகவே இருக்கிறது.

முதலில் தோள் ஏன் வலிக்கிறது என்பதைப் பார்ப்போம். கருவிகளுக்கு இடம் கிடைப்பதற்காக வயிற்றறையைக் கார்பன் டை ஆக்சைடு வாயுவால் நிரப்பி, வழக்கமாக 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் வைத்திருப்பார்கள். அறுவை முடிந்ததும் பெரும்பகுதி வெளியேற்றப்பட்டாலும், ஓரளவு உள்ளேயே தங்கிவிடும். கருப்பை அறுவையின்போது நோயாளியின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி வைப்பதால் இலேசான வாயு மேலே, அதாவது இடுப்புப் பக்கம், நிற்கும். மறுநாள் நீங்கள் எழுந்து உட்காரும்போது அதுவே நகர்ந்து, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்துக்கும் கல்லீரலுக்கும் இடையில் போய்ச் சேர்கிறது. உங்கள் அக்காவுக்கு உட்கார்ந்த பிறகு வலி தொடங்கியதற்குக் காரணம் இதுதான். அங்கே ஈரமான சவ்வின்மேல் வாயு கரைந்து கார்பானிக் அமிலமாகி உறுத்துவதும், பல மணி நேரம் உப்பியிருந்த உதரவிதானம் இழுபட்டுக் கிடப்பதும், கல்லீரலைத் தாங்கும் தசைநார்கள் இழுக்கப்படுவதும் சேர்ந்து வலியை உண்டாக்குகின்றன.

உதரவிதானத்திலிருந்து செய்தி கொண்டுபோகும் ஃபிரெனிக் நரம்பு, கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5ஆம் வேர்களிலிருந்து புறப்படுகிறது. தோளின் மேற்புறத் தோலுக்குப் போகும் நரம்புகளும் அதே 3, 4ஆம் வேர்களிலிருந்துதான் வருகின்றன. இரண்டு வீட்டுக் கடிதங்களும் ஒரே தபால் பெட்டியில் விழுந்தால் எது எங்கிருந்து வந்தது என்று குழம்புவதுபோல, மூளை உதரவிதானத்தின் புகாரைத் தோளின் புகாராகப் பதிவு செய்துகொள்கிறது. ஆகவே தோளில் எந்தக் கோளாறும் இருக்காது. அமுக்கிப் பார்த்தாலும் வலிக்கும் இடம் அகப்படாது. லேப்ராஸ்கோபி செய்துகொண்டவர்களில் 35 முதல் 80 சதவீதம் பேருக்கு இது வருவதாக மருத்துவ இதழ்கள் குறிப்பிடுகின்றன. வீச்சு இவ்வளவு அகலமாக இருப்பதற்குக் காரணம், ஒவ்வோர் ஆய்விலும் அறுவை வேறு, வலியை அளந்த நேரம் வேறு.

இனி மரப்பு மருந்து. புபிவாகெய்ன், ரோபிவாகெய்ன், லிக்னோகெய்ன் ஆகிய மூன்றில் ஒன்றை நீர்த்து, அறுவையின் முடிவில் வயிற்றறைக்குள் விடுவது புதிய யோசனை அல்ல. 1991ஆம் ஆண்டிலேயே லான்செட் இதழில், அன்றே வீடு திரும்பும் லேப்ராஸ்கோபி நோயாளிகளுக்கு வலப்பக்க உதரவிதானத்தின்கீழ் 80 மில்லி அளவுக்கு நீர்த்த மருந்தை விட்டு, தோள்வலி குறைந்ததாக எழுதியிருந்தார்கள். அதன்பின் வந்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. என் அனுபவத்தில், மயக்கம் தெளிந்து கண் விழிக்கும் அந்த முதல் சில மணி நேரம் நோயாளி அமைதியாக இருக்கிறார். அது சிறிய நன்மை அல்ல. ஆனால் இம்மருந்தின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். தோள்வலியோ முதல் நாள் இரவிலிருந்து இரண்டாம் நாள் வரையில்தான் உச்சத்தைத் தொடுகிறது. காவலாளி வேலை முடிந்து போன பிறகு திருடன் வருகிறான் என்று என் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

அளவைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. புபிவாகெய்னைக் கிலோவுக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வோம். 55 கிலோ எடைக்கு அது 110 மில்லிகிராம், 0.25 சதவீதக் கரைசலில் ஒரு மில்லிக்கு 2.5 மில்லிகிராம் இருப்பதால், மொத்தம் 44 மில்லி. துளை போட்ட இடங்களில் அறுவை மருத்துவர் ஏற்கெனவே 20 மில்லி செலுத்தியிருந்தால் 50 மில்லிகிராம் கணக்கில் போய்விடுகிறது; வயிற்றறைக்கு மிஞ்சுவது 60 மில்லிகிராம்தான். அதை 0.125 சதவீதமாக நீர்த்தால் 48 மில்லி கிடைக்கும். பரப்பளவு பெரிதாக இருப்பதால் வயிற்றறைச் சவ்வு மருந்தை விரைவாக உறிஞ்சி இரத்தத்தில் சேர்த்துவிடும். அளவு மீறினால் உதடு மரப்பதும் காதில் இரைச்சல் கேட்பதும் முதல் அறிகுறிகள். ஆனால் மயக்கத்தில் இருப்பவர் அவற்றைச் சொல்ல முடியாது, நேரே வலிப்போ இதயத் துடிப்புக் கோளாறோதான் கண்ணில் படும். இதனால்தான் இதற்கு முறிவு மருந்தான 20 சதவீதக் கொழுப்புக் குழம்பு அறுவை அரங்கிலேயே தயாராக இருக்க வேண்டும் என்கிறோம். மேசையின் அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் ஒருவரும் தனித்தனியே கணக்கு வைத்துக்கொண்டு மருந்து கொடுப்பதைவிட மோசமான பழக்கம் வேறில்லை.

மகளிர் நோய் அறுவை மருத்துவர், சென்னை

மேலே மருத்துவர் எழுதியதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மருந்து எங்கே விடப்பட வேண்டும் என்பதில் ஒரு வியப்பான செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன்.

உறுத்தல் உதரவிதானத்தில் இருப்பதால் மருந்தையும் அதன் அடியிலேயே பீச்ச வேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். மகளிர் நோய் லேப்ராஸ்கோபிக்குப் பின் வரும் தோள்வலியைக் குறித்து மட்டும் காக்ரேன் அமைப்பு 2019ஆம் ஆண்டில் 32 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு மதிப்பாய்வு வெளியிட்டது. அதில், வயிற்றறைக்குள் பொதுவாக விடப்பட்ட மரப்பு மருந்து தோள்வலியைக் குறைப்பதாகவும், உதரவிதானத்தின்கீழ் குறிவைத்து விடப்பட்ட மருந்தால் வேறுபாடு ஏதும் இல்லாமல் போகலாம் என்றும் வந்தது. சான்றுகளின் தரம் குறைவு முதல் நடுத்தரம் வரைதான் என்று அவர்களே சொல்லியிருப்பதால், இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தலைப்பக்கம் தாழ்ந்திருக்கும் நிலையில் இடுப்புக்குழியில் விட்ட திரவமும் தானாகவே உதரவிதானத்தை நோக்கி வழிந்துவிடும் என்பதால், இரண்டு முறைகளுக்கும் இடையே நாம் நினைக்கும் அளவுக்கு வேறுபாடு இல்லாமலும் இருக்கலாம். இது என் ஊகம். எப்படி விட்டாலும், விட்ட உடனே மேசையைச் சமன்படுத்தாமல் சில நிமிடங்கள் அதே சாய்வில் வைத்திருப்பதும், உறிஞ்சுகுழாயால் மறுபடி அதை எடுத்துவிடாமல் இருப்பதும் முக்கியம். பின்னது கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் நடக்கிறது.

அதே மதிப்பாய்வில் மருந்தைவிட என் கவனத்தை ஈர்த்தது வாயுவை வெளியேற்றும் முறைதான். அறுவை முடிந்த களைப்பில் துளைக்குழாய்களை உருவிவிட்டுத் தையல் போடுவதற்கு விரைகிறோம். அந்த இரண்டு நிமிடங்களைச் செலவிட மனம் இருந்தால் பலன் தெரியும். தலைப்பக்கம் தாழ்ந்த நிலையிலேயே வைத்து, குழாய்களின் அடைப்பிதழ்களைத் திறந்து, மயக்க மருத்துவர் நுரையீரலை ஐந்து முறை ஆழமாக விரிக்கிறார். 40 செ.மீ. நீரழுத்தம் வரை ஒவ்வொரு மூச்சையும் சில நொடிகள் நிறுத்துவார். தொடக்க கால ஆய்வுகளில் 60 வரைகூடப் போயிருக்கிறார்கள். உதரவிதானம் கீழே இறங்கி, அடியில் பதுங்கிய வாயுவைத் திறந்த குழாய்கள் வழியே தள்ளிவிடுகிறது. இதற்குத் தனியாக மருந்தோ கருவியோ வேண்டாம், செலவும் இல்லை. 2008ஆம் ஆண்டு அமெரிக்க மகப்பேறு இதழ் ஒன்றில் வந்த ஆய்வில், இப்படிச் செய்தவர்களிடம் தோள்வலி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. இளஞ்சூடான சலைனை வயிற்றறையில் விட்டுவைப்பதும் உதவுகிறது; வாயு இருக்கும் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது, அமிலத்தையும் நீர்க்கச் செய்கிறது. வடிகுழாய் வைத்தாலும் வலி குறைகிறது என்றாலும், இதற்காக மட்டும் ஒருவர் உடலில் குழாயை விட்டுவைக்க எனக்கு மனம் ஒப்புவதில்லை.

வாயுவைச் சூடாக்கி ஈரப்படுத்தி அனுப்பும் கருவிகளை விற்க வருபவர்கள் தோள்வலியையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். அந்த மதிப்பாய்வு அதற்குப் பெரிதாகத் துணை நிற்கவில்லை. வாயுவே இல்லாமல் வயிற்றுச் சுவரைக் கருவியால் தூக்கிச் செய்யும் அறுவையிலோ தோள்வலி கூடவும் கூடும் என்று வந்திருக்கிறது. ஆகவே எல்லாப் பழியையும் வாயுவின் தலையில் போட முடியாது. இழுபடுவதற்கும் அதில் பங்குண்டு.

கேள்வி கேட்டவர், திருச்சி

இருவருக்கும் மிக்க நன்றி. இதைப் படித்த அக்கா, 'வலிக்கிற தோளிலேயே ஒரு மரப்பு ஊசி போட்டுவிட்டால் என்ன?' என்று கேட்கச் சொன்னார். மேலும், எனக்குச் சிறுவயதிலிருந்து இலேசான ஆஸ்துமா உண்டு. பனிக்காலத்தில் மட்டும் இன்ஹேலர் பயன்படுத்துகிறேன். நுரையீரலை விரிப்பதாகச் சொன்னது எனக்குப் பொருந்துமா?

மயக்க மருத்துவர், கோவை

அக்காவின் கேள்வி நியாயமானதே. ஆனால் வலி பிறக்கும் இடம் உதரவிதானம், வலி தெரியும் இடம் தோள். தோள் மூட்டுக்குப் போகும் நரம்பை மரக்கச் செய்தால், உதரவிதானத்திலிருந்து ஃபிரெனிக் நரம்பு வழியே ஏறும் செய்தி அப்படியே போய்க்கொண்டிருக்கும். கழுத்தில் ஃபிரெனிக் நரம்பையே தடுத்தால் வலி நிற்கலாம். ஆனால் அந்தப் பக்கத்து உதரவிதானமும் சேர்ந்து செயலிழந்து மூச்சு பாதிக்கப்படும். இரண்டு நாள் வலிக்காக, அதுவும் ஆஸ்துமா உள்ளவருக்கு, நான் அதைச் செய்ய மாட்டேன். வயிற்றுச் சுவரில் போடும் டேப் பிளாக் போன்ற ஊசிகள் துளைகளின் வலிக்கு நல்லவை. தோளுக்கு அவற்றால் பயன் இல்லை.

கட்டுக்குள் இருக்கும் இலேசான ஆஸ்துமா, நுரையீரலை விரிப்பதற்குப் பொதுவாகத் தடையாக இருப்பதில்லை. நுரையீரலில் காற்றுக் குமிழ்கள் உள்ளவர்களிடமும், அறுவையின்போது இரத்த அழுத்தம் நிலையில்லாமல் இருப்பவர்களிடமும் அதைத் தவிர்ப்போம். நீங்கள் கட்டாயம் சொல்ல வேண்டியது வேறு: டைக்ளோஃபினாக், கீட்டோரோலாக் போன்ற வலிநிவாரணிகள் தோள்வலிக்கு நன்றாகவே வேலை செய்யும், ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு அவை இழுப்பைத் தூண்டிவிடும். முன்பு ஆஸ்பிரினோ புரூஃபனோ சாப்பிட்டு இழுப்பு வந்ததுண்டா என்பதை நினைவுபடுத்திப் பார்த்துச் சொல்லுங்கள். இன்ஹேலரை அறுவையன்று கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

வார்டு செவிலியர், மதுரை

வணக்கம் சகோதரி. மருத்துவர்கள் அறுவை அரங்கிலிருந்து எழுதினார்கள். நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக வார்டில் பார்த்ததை எழுதுகிறேன்.

எங்களிடம் வரும் குடும்பங்களுக்குப் பெரிய குழப்பத்தை உண்டாக்குவது 'காற்று வலி' என்ற சொல்தான். காற்று என்றதும் வாயுப் பிடிப்பு என்று நினைத்துக்கொண்டு, ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு, பெருங்காயம் கரைத்த மோர் என்று வரிசையாகக் கொண்டுவந்துவிடுவார்கள். அவை குடலுக்குள் இருக்கும் வாயுவுக்கானவை. இந்த வாயு குடலுக்கு வெளியே, வயிற்றறையில் இருக்கிறது. ஏப்பமாகவோ கீழ்வாயு பிரிந்தோ அது போகாது. இரத்தத்தில் கரைந்து மூச்சு வழியாகத்தான் வெளியேறும். அதற்குச் சில நாட்கள் ஆகும். தோளில் தைலம் தேய்த்தால் ஆறுதலாக இருக்கும் என்பதால் அதை நான் தடுப்பதில்லை. வெந்நீர்ப் பை வைத்தாலும் சிலருக்கு இதமாக இருக்கிறது.

வலி வரும்போது செய்ய வேண்டியது எளியது. உட்கார்ந்தே இருக்காமல், தலையணையை எடுத்துவிட்டுச் சமமாகப் படுங்கள். முடிந்தால் இடுப்புக்குக்கீழ் ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள். வாயு மறுபடி இடுப்புப் பக்கம் நகர்ந்து, சில நிமிடங்களில் வலி தணிவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். அதற்காக நாள் முழுவதும் படுத்தே கிடக்கக் கூடாது. கால்களில் இரத்தம் உறையாமல் இருக்க நடப்பது அவசியம். கொஞ்சம் நடை, கொஞ்சம் படுக்கை என்று மாற்றிக்கொள்ளுங்கள். வலி மாத்திரையைத் தாங்க முடியாமல் போகும்வரை தள்ளிப்போடாமல், எழுதிக்கொடுத்த நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நம் பெண்கள் இதில்தான் வீம்பு பிடிப்பார்கள்.

ஆனால் எல்லாத் தோள்வலியையும் காற்று வலி என்று ஒதுக்கிவிடவும் முடியாது. படுத்தாலும் குறையாமல் கூடிக்கொண்டே போகும் வலி, வயிறு உப்பிக்கொண்டே வருவது, தலைசுற்றலோ மயக்கமோ வருவது, முகம் வெளிறுவது ஆகியவை இருந்தால் உள்ளே இரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இரத்தமும் உதரவிதானத்தை உறுத்தித் தோள்வலியைக் கொடுக்கும். நெஞ்சை அழுத்தும் வலி, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்குவது, காய்ச்சல் ஆகியவை இருந்தாலும் உடனே சொல்லுங்கள். கை மரத்து, விரல்களில் பலம் குறைந்திருந்தால் அது வேறு பிரச்சினை. தலை தாழ்ந்த நிலையில் நெடுநேரம் இருந்ததில் தோளருகே நரம்பு அழுந்தியிருக்கலாம். உங்கள் அக்காவுக்கு ஈசிஜி எடுத்ததை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். விளக்கம் சொல்லாமல் விட்டதுதான் குறை.

கேள்வி கேட்டவர், திருச்சி (ஆறு வாரங்களுக்குப் பின்)

அறுவை நல்லபடியாக முடிந்து வீட்டில் இருக்கிறேன். இங்கே படித்ததை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் மயக்க மருத்துவரிடம் காட்டினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, ஆஸ்துமாவைப் பற்றி இன்னும் நான்கு கேள்விகள் கேட்டார். புரூஃபன் சாப்பிட்டு ஒருமுறை இழுப்பு வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதனால் டைக்ளோஃபினாக்கைத் தவிர்த்துப் பாராசிட்டமாலை வேளை தவறாமல் கொடுத்தார்கள். அறுவையின் முடிவில் வாயுவை மூச்சு கொடுத்து வெளியேற்றியதாகவும், எடைக்குக் கணக்கிட்டு நீர்த்த புபிவாகெய்ன் விட்டதாகவும் மறுநாள் சொன்னார்.

தோள்வலி எனக்கும் வந்தது. முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் மதியம் வலது தோளில் தொடங்கி, பத்துக்கு நான்கு என்று சொல்லும் அளவில் இருந்தது. செவிலியர் அக்கா எழுதியபடி தலையணையை எடுத்துவிட்டுப் படுத்தேன். கால் மணி நேரத்தில் பாதியாகக் குறைந்தது. நான்காம் நாளில் சுத்தமாக இல்லை. அக்கா அனுபவித்ததோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. இதில் மருந்தின் பங்கு எவ்வளவு, வாயுவை வெளியேற்றியதன் பங்கு எவ்வளவு, இன்னதுதான் என்று முன்பே தெரிந்திருந்ததால் பதறாமல் இருந்ததன் பங்கு எவ்வளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மாமியார் மட்டும் ஓமத் தண்ணீரால்தான் குறைந்தது என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.